நாற்பத்திரண்டரை டிகிரி

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். அடுத்தவர் செய்த பொருளைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, "சரியில்லை" என்று சொல்வதுதான் தொழில். சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்கிற பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. வீட்டில் அதையே சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருந்தேன்.

என் மனைவி சென்னைக்குப் போய், ஒரு தமிழ் சேனலின் சமையல் நிகழ்ச்சியில் ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் செய்து காட்டிவிட்டு வந்தாள். ஊறவைத்த அவரைக்கொட்டையை விரல்களுக்கு நடுவில் பிதுக்கி, தோலை நீக்கி, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் எடுத்து வைக்கும் குழம்பு அது. அவளைப் போலப் பிதுக்க எங்கள் ஈஜிபுரா தெருவில் ஆளில்லை. தெருவே வாசலில் நின்று விசாரித்தது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

அதோடு சரி. அங்கே என்ன பேசினாள், யார் என்ன கேட்டார்கள், எதையும் என்னிடம் சொல்லவில்லை. "டிவியில வரும். பாத்துக்கங்க" என்று முடித்துவிட்டாள். வரப்போவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. ஒரே ஒரு முறை. மறுஒளிபரப்பு கிடையாது என்று சேனலில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஐம்பதை நெருங்குகிறவள், பிறந்ததிலிருந்து கல்யாண வீடியோவில் கூடப் பாதி முகம்தான் தெரிந்தவள், தன்னை முழுசாகத் திரையில் பார்க்கப் போகிறாள். அதற்காக ஒரு புடவையே வாங்கினாள். பார்ப்பதற்குக் கட்டிக்கொள்ள.

அந்தச் சமயம் ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் இரண்டு மாநிலமும் முறைத்துக்கொண்டிருந்தன. எங்கள் கேபிள்காரர் தமிழ் சேனல்களை எல்லாம் நிறுத்தி வைத்திருந்தார். அவரும் தமிழ்தான் பேசுவார். "என் ஒயர அறுத்தா யாரு சார் ஒட்டித் தருவா?" என்று கையை விரித்தார். ஆகவே தெருவில் தமிழ் சேனல் தெரிகிற வீடு ஒன்றே ஒன்று: கூரைமேல் சொந்த டிஷ் வைத்திருந்த எங்கள் வீடு. ஞாயிறு காலைக்கு ஏழெட்டுப் பெண்களை அவள் அழைத்திருந்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் அதே குழம்பு, அதே களி, சாப்பாடு.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் கூரையை மாற்றும் வரை.

மாடியில் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முந்தைய மழையிலேயே ஒழுகியது. தகர ஷீட் போடச் சந்தாபுராவிலிருந்து ஒரு மேஸ்திரியைப் பேசி வைத்திருந்தேன். ஒரு மாதமாக 'நாளைக்கு' என்றவர், நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சனிக்கிழமை காலை வண்டி நிறைய ஷீட்டோடு வந்து நின்றார். என் மனைவியின் தம்பி, என் மச்சான், முதல் நாளே ஊரிலிருந்து வந்திருந்தான்.

"மாமா, திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. டிஷ்ஷ கழட்டணுமே."

"இவர இன்னிக்கு விட்டா தீபாவளிக்குத்தான் பாக்கலாம். டிஷ்தானே? கழட்டி மாட்டிக்கலாம்."

"தெருமுனை கடையில டிஷ் மாட்றவரு இருக்காரு. சொல்லி வெக்கட்டா?"

"அவரு கையால தட்டித் தட்டி வைப்பாரு. நான் அளந்து வைப்பேன்."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நாளைக்கு பத்தரைக்கு டிவி தெரியணும். வேற எதையும் நான் கேக்கல."

"தெரியும்" என்றேன். இரண்டு பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்று தோன்றுகிறது. அன்று நான் ஒரே பொருளில், நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

டிஷ் நின்றது கூரையின் மேலேயே. ஷீட்டைத் துளைத்து, அடியிலிருந்த இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டிருந்தார்கள். நான் தொழிற்சாலைக் கோணமானியோடு ஏறினேன். டிஷ்ஷின் முகம் ஷீட்டிலிருந்து எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று மூன்று முறை அளந்தேன். நாற்பத்திரண்டரை டிகிரி. ஷீட்டின் வரியிலிருந்து இடப்பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதையும் அளந்தேன். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். மச்சான் தாளை வாங்கிப் பார்த்தான்.

"ராக்கெட் எப்ப மாமா கெளம்புது?"

சாயங்காலத்துக்குள் பழைய ஷீட் இறங்கி, புதியது ஏறிவிட்டது. நடுவில் மேஸ்திரி ஒன்று கேட்டார்.

"சார், பழசு ரோட்டுப் பக்கம் சாஞ்சிருந்திச்சு. அதான் தண்ணி தேங்கி ஒழுகுது. பின்பக்கமா சாச்சு, கொஞ்சம் ஜாஸ்தி ஸ்லோப் குடுத்துர்றேன். ஆகுமா?"

ஆகும் என்றதோடு நிற்காமல், ரசமட்டம் வைத்துப் பார்த்து, இன்னும் இரண்டு அங்குலம் தூக்கச் சொன்னவன் நான். அவர் முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார்.

ஞாயிறு காலை எட்டரைக்கு டிஷ்ஷைப் பொருத்தினேன். தாளைப் பார்த்து, கோணமானியை வைத்து, நாற்பத்திரண்டரை. மயிரிழை பிசகில்லை. கீழே ஜன்னலோரம் நின்ற மச்சானிடம் கத்தினேன்.

"வந்துச்சா?"

"நீலமா இருக்கு மாமா."

"இப்ப?"

"இன்னும் நல்லா நீலமா இருக்கு."

ஒயரைச் சந்தேகப்பட்டேன். பெட்டியைச் சந்தேகப்பட்டேன். ஆகாயத்தில் செயற்கைக்கோள் இடம் மாறியிருக்குமோ என்று கூட ஒரு கணம் நினைத்தேன். என்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்குத்தானே சம்பளம். ஒன்பதேகாலுக்கு டிஷ் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அதன் பின்னால் குனிந்து பார்த்தேன். வானத்தைப் பார்க்க வேண்டியது, பின்வீட்டு இரண்டாம் மாடிக் கொடியில் காயும் பெட்டிகோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் வருடா வருடம் தொண்டை வறளச் சொல்வேன்: எதை அளக்கிறாய் என்பது அப்புறம், எதிலிருந்து அளக்கிறாய் என்று முதலில் பார், அது அசையாததாக இருக்க வேண்டும். நான் கூரையிலிருந்து அளந்திருந்தேன். அன்றைக்கே கழற்றி எறியப் போகிற கூரையிலிருந்து. முன்பக்கம் சாய்ந்த கூரைக்கு எழுதிய எண்ணை, பின்பக்கம் சாய்ந்த கூரைமேல், அரை டிகிரி சுத்தமாக வைத்திருந்தேன். பத்தாததற்கு நானே தூக்கச் சொன்ன இரண்டு அங்குலம் வேறு.

மணி ஒன்பதரை. தாளைக் கசக்கி எறிந்தேன். கோணமானியை எறியவில்லை, அது கம்பெனிச் சொத்து. போல்ட்டைத் தளர்த்தி, டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டித் தட்டித் திருப்ப ஆரம்பித்தேன்.

"மச்சான், அந்த கடைக்காரர கூப்பிடு!"

"கூப்ட்டேன் மாமா. காலையிலயே எலஹங்காவுக்கு வேலைக்கு போயிட்டாராம். மத்தியானந்தான் வருவாரு."

பத்தேகால். கீழே செருப்புச் சத்தங்கள், வளையல் சத்தங்கள். எதிர்வீட்டுக் கன்னட அம்மா படியேறும்போதே கேட்டார். "ஏன்ரீ, டிவி பந்த்தா?" வந்துவிட்டதா என்கிறார். தகரம் சூடாகத் தொடங்கியிருந்தது. போல்ட் வரிசைமேல் மட்டும்தான் காலை வைக்கலாம் என்று மேஸ்திரி எச்சரித்திருந்ததால், ஒரு கால் இங்கே, ஒரு கால் எங்கேயோ.

"மாமா, வருது! சிக்னல் முப்பது பர்சென்ட்! படம் கட்டம் கட்டமா வருது!"

"இப்ப?"

"போச்சு. உங்க தலை மறைக்குது. குனிங்க."

குனிந்தேன். இன்னும் குனியச் சொன்னான். டிஷ்ஷுக்குக் கீழே தலையைக் கொடுத்து, கைகளை மேலே தூக்கி, பிரசாதத் தட்டு ஏந்தியவன் மாதிரி மண்டியிட்டேன். பத்தரை ஆனது. கீழே எல்லாம் அடங்கியது. பிறகு மச்சான் மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னான்.

"அப்படியே இருங்க மாமா. அசையாதீங்க. கொஞ்சங்கூட."

அடுத்த நொடி என் மனைவியின் குரல் கேட்டது.

"வணக்கம். நான் பெங்களூர்ல இருந்து வர்றேன்..."

ஐயோ, அந்த நிம்மதியை என்னவென்று எழுதுவது! மூச்சை அடக்கிக்கொண்டேன். தகரத்தின் வழியாகவே அவ்வளவு துல்லியமாகக் குரல் ஏறி வந்தது. நம் டிவியின் ஸ்பீக்கர் இத்தனை நல்லதா என்று ஆச்சரியப்பட்டேன். அவரைக்கொட்டையை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்றாள். எப்படிப் பிதுக்க வேண்டும் என்றாள். பெண்கள் 'ஐயையோ' என்று சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். முட்டி எரிந்தது, தோள்பட்டை கழன்றது, மூக்கின்மேல் ஓர் ஈ நிதானமாக நடந்தது. நான் அசையவில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டது. நிகழ்ச்சி நடத்தும் பெண் கேட்பது போலக் கொஞ்சலாக: "உங்க வீட்டுக்காரர் இத சாப்ட்டுட்டு என்னங்க சொல்வாரு?"

"அவரா? பருப்ப ஒண்ணொண்ணா எடுத்து அளந்து, பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம் வெச்சு, அரை மணி நேரம் பாத்துட்டு, கொழம்பு ஆறிப்போச்சும்பாரு."

கீழே கூரை அதிரும்படி சிரிப்பு. நான்தான் அந்தக் கூரையில் இருந்தேன், அதனால் அதிர்வை உறுதியாகச் சொல்ல முடியும். தமிழ் தெரிந்த அத்தனை வீட்டிலும் என் மானம் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. அதை இறக்கித் தருகிற டிஷ்ஷை ஏந்திக்கொண்டு மண்டியிட்டிருப்பவனும் நானே. கையை எடுத்தால் போதும், நின்றுவிடும். எடுக்கவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். எடுத்தால் அவள் என்ன செய்வாள் என்ற பயம்.

கடைசியில் பெரிய கைதட்டல். இரண்டு நிமிடம் கழித்து, ஒருவரும் கூப்பிடாததால், நானே ஏணியில் இறங்கிக் கூடத்துக்குள் போனேன். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். தரையெங்கும் அவரைத்தோல். எதிர்வீட்டு அம்மாவின் முந்தானையில் ஒரு பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. டிவி பளிச்சென்று நீலமாக இருந்தது.

"எப்ப போச்சு?" என்றேன்.

"எங்க வந்துச்சு?" என்றான் மச்சான்.

பத்தரை ஆனதும் என் மனைவி எழுந்து, டிவிக்கு முன்னால் நின்று, ஊறிய கொட்டைப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே செய்ததை அப்படியே இங்கே செய்து காட்டியிருக்கிறாள். கேள்வி கேட்ட பெண்ணாகவும் அவளே. பிதுக்கிய பருப்பு பறந்துபோய் அந்தப் பெண்ணின் மேல் விழுந்ததைக்கூட விடவில்லை. அதற்காகத்தான் எதிர்வீட்டு அம்மாவின் முந்தானை.

"அப்ப என்னைய ஏன்டா அசையாதேன்னே?"

"அக்காதான் மாமா சொன்னாங்க. 'அவரு கீழ வந்தா நடுவுல திருத்துவாரு. மேலயே இருக்கட்டும்'னாங்க."

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைக் கேலி செய்வதில் நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அன்று ஒன்பதாவது ஆளாக வந்து சேர்ந்துகொண்டேன். உலகத் தமிழர் கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தது ஏழெட்டுப் பேரோடு போயிற்றே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு தொலைபேசி அடித்தது. திருப்பத்தூரிலிருந்து அவளுடைய அக்கா. அவர்கள் வீட்டில் நிகழ்ச்சி தெரிந்திருக்கிறது. என் மனைவி புதுப் புடவையோடு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினாள்.

"பாத்தியாக்கா? ... முழுசா வந்துச்சா? ... அவர பத்தி சொன்னது? ... வெட்டிட்டாங்களா? போகட்டும்." கொஞ்சம் நிறுத்தினாள். "மூக்குத்தி தெரிஞ்சுதா? ... கிட்ட காட்டுனாங்களா? ... மூஞ்சி எண்ணெய் வடிஞ்ச மாதிரி இருந்துச்சா? அங்க லைட்டு ரொம்ப சூடுக்கா."

மச்சான் டிவியை அணைக்கப் போனான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன், ஏன் என்று தெரியவில்லை. என் வாயில் அப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு தயாராகத்தான் இருந்தது. கோணமானியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

அவள் நாற்காலியை இழுத்து, நீலத் திரைக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மொதல்ல இருந்து சொல்லுக்கா" என்றாள். "நான் உள்ள வந்தனே, அதுலருந்து."