தலை கறுக்காத இறால்

எங்கட ஊரில சாப்பாட்டுக்காக என்னைப்போலச் சண்டை பிடிச்ச பொம்புளை வேற ஒருத்தியும் இல்ல. இதைப் பெருமைக்குச் சொல்லல்ல.

மகளுக்கு நாலு வயசில முட்டு வந்திச்சு. நெஞ்சு விசிலடிக்கும், கழுத்துக்குழி உள்ளுக்கு இழுக்கும், கண் ரெண்டும் என்னையே பாத்துக்கொண்டிருக்கும். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினவளுக்குத்தான் அது என்னெண்டு தெரியும். ஒருக்கா அங்க ஒரு டொக்டர், "சில பிள்ளையளுக்குப் பைக்கற்றுச் சாமானில போடுற மருந்தும் கலரும் ஒத்துக்கொள்ளாது. புதுசா வாங்கி வீட்டில சமைச்சுக் குடுத்துப் பாருங்க" எண்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் பிடிச்சது உடும்புப் பிடி.

அந்த நாளில இருந்து நூடில்ஸ், சூப் கட்டி, சோசேஜ், கலர் சோடா ஒண்டும் எங்கட வாசல்படி ஏறல்ல. கடையில பிஸ்கட் பெட்டியத் திருப்பி, பின்னால பொடி எழுத்தில கிடக்கிற மருந்து நம்பர், கலர் நம்பரெல்லாம் வாசிப்பன். கடைக்காரத் தம்பி, "அக்கா, சாமான் வாங்க வந்தீங்களா, சோதனை எழுத வந்தீங்களா?" எண்டு கேப்பான். "ஓம், உன்ட கடை பாஸாகிற மாதிரித் தெரியல்ல" எண்டுபோட்டுப் பெட்டிய வெச்சிட்டு வந்திருவன். மிளகாய் வறுத்து இடிக்கிறதும் நான்தான், தேங்காய் துருவிப் பால் பிழியிறதும் நான்தான். ஒரு நாள் இவர், அதான் என்ட புருசன், ஆசைப்பட்டு ஒரு சோசேஜ் பைக்கற்று வாங்கிக்கொண்டு வந்தார். வேலிக்கு மேலால எறிஞ்சன். பக்கத்து வீட்டு நாய்க்கு அண்டைக்கு நல்ல விருந்து.

மீனிலயும் இறாலிலயும் மட்டும் எனக்கு ஒரு கவலையும் இருக்கல்ல. எங்கட வாசலுக்கு முன்னாலயே ஆறு கிடக்கு. வாவி எண்டு புத்தகத்தில எழுதுவாங்க, எங்களுக்கு அது ஆறுதான். காலையில பாலத்தடிக்குப் போனா, தோணியில வந்ததைப் பிளாஸ்டிக் பேசினில வெச்சுக்கொண்டு ஒரு அக்கா இருப்பா. அவட புருசன்தான் வலை போடுறவர். இறால் வாங்கப் போற எங்கட பொம்புளையளுக்கு ஒரு பழக்கம். ஒண்டைத் தூக்கி முதல்ல தலையத்தான் பாப்பம். தலை வெள்ளையா இருந்தா புதுசு, கறுத்திருந்தா பழசு. நான் அதில இன்னும் ஒரு படி மேல. பேசினைக் கிண்டிக் கிளறி, ஒண்டே ஒண்டு கறுத்திருந்தாலும், "ஆரைப் பேக்காட்டப் பாக்கிறீங்க?" எண்டு பாலத்தடி முழுக்கக் கேக்கச் சத்தம் போடுவன். அந்த அக்கா கறுத்ததைப் பொறுக்கி ஒரு பக்கத்தில வெச்சிருவா. என்னைப் பாத்து எங்கட ஒழுங்கைப் பொம்புளையளும் கிண்டிப் பாக்கப் பழகினாங்க.

மகளுக்கு இறால் பொரியல் எண்டா உசிர். கிழமையில ரெண்டு மூணு தரம் செய்வன். ஆனா கண்ணில எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தும் முட்டு விடல்ல. எனக்குத் தெரியாம ஆரோ பிள்ளைக்கு என்னத்தையோ குடுக்கிறாங்க எண்டு நினைச்சன்.

அந்தச் சந்தேகம் போய் விழுந்தது மச்சாளுக்கு மேல. இவர்ர தங்கச்சி, வீடு ரெண்டு வளவு தள்ளி. அவட கடைசிப் பிள்ளைக்குப் பிறந்தநாள், பின்னேரம் நாலு மணிக்குக் கேக் வெட்டு. மகளுக்கு அப்ப எட்டு வயசு. பசியோட போனா அங்க கிடக்கிறதை அள்ளித் திண்டிருவாள் எண்டு, போறதுக்குக் கொஞ்சம் முன்னால சோறும் இறால் பொரியலும் குழைச்சு என்ட கையாலயே தீத்திவிட்டன். "இன்னும் ரெண்டு இறால் தாங்கம்மா" எண்டாள். பாத்துப் பொறுக்கி வெச்சன். "அங்க ஒண்டும் வாயில வைக்கப்படாது, சத்தியம் பண்ணு" எண்டன். என்ட உள்ளங்கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினாள்.

அங்க போய்ச் சேந்த பொறகுதான், குடுக்கிறதுக்கு வாங்கின சாமானை மறந்துபோட்டு வந்தது தெரிஞ்சிது. பிள்ளைய விட்டுட்டு வீட்டுக்குக் கிறுகி வந்தன். எடுத்துக்கொண்டு திரும்பிப் போகக்குள்ள, பிள்ளை கதிரையில குனிஞ்சு இருந்து மூச்சு இழுக்கிறாள். முன்னால மேசையில மஞ்சள் ஐசிங் போட்ட கேக், ரோல்ஸ், சிவப்புச் சோடா. எனக்குக் கண் மண் தெரியல்ல.

"என்னடி திண்ட?"

"ஒண்டும் தின்னல்லம்மா."

மச்சாள் ஓடி வந்தா. "கடவுளாணச் சொல்றன் மச்சாள், பிள்ளை தண்ணிகூடக் குடிக்கல்ல. கேக் குடுத்தன், அம்மா ஏசுவா எண்டு வேணாம் எண்டுட்டாள்."

நான் நம்பல்ல. அத்தனை சனத்துக்கு நடுவில பிள்ளைட கன்னத்தில அறைஞ்சன். மூச்சு இழுக்கிற பிள்ளைக்கு அறைஞ்சன். "உண்மையச் சொல்லு!" எண்டு ரெண்டாம் தரம் கை ஓங்கக்குள்ள, "கேக்... ஒரு துண்டு..." எண்டாள்.

எனக்குப் போதாதா? "என்ட பிள்ளையக் கொல்லத்தான் கூப்பிட்டியா, பொய்க்காரி!" எண்டு தொடங்கி, ஒரு மனிசி நாக்கைப் புடுங்கிக்கொண்டு சாகிற மாதிரிக் கேட்டன். அவ அழுதுகொண்டு நிண்டா. ஆசுபத்திரியில மாஸ்க் போட்டு மருந்துப் புகை பிடிச்சுத்தான் பிள்ளைட மூச்சுச் சீரானது. அண்டையோட மச்சாள்ர வீட்டுப் படலைக்குள்ள நான் கால் வைக்கல்ல. மூணு வருசம். இவர் தங்கச்சியப் பாக்கப் போறதெண்டா எனக்குச் சொல்லாமத்தான் போவார்.

போன மாரி முடிஞ்ச கையோட ஒரு நாள், வழமையவிட நேரத்தோட பாலத்தடிக்குப் போனன். அந்த அக்கா வாளித் தண்ணியில ஒரு பிடி வெள்ளைத் தூள் கரைச்சு, இறால் கூடைய அதுக்குள்ள முக்கிறா. நெருப்புக்குச்சி கொளுத்தின மாதிரி ஒரு மணம் மூக்கில ஏறிச்சு.

"என்னக்கா அது?"

"தூள். ஐஸ் லொறிக்காரன் தாறது. போட்டா தலை கறுக்காது."

"கறுத்தா பழசுதானே?"

அவ சிரிச்சா. இத்தனை வருசத்தில என்னைப் பாத்து அவ சிரிச்சது அண்டைக்குத்தான். "பிடிச்சு வெச்சா கொஞ்ச நேரத்தில இறால் தலை கறுக்கத்தான் செய்யும் தங்கச்சி. அதில ஒரு பழுதும் இல்ல. நீங்கதானே கறுத்ததெல்லாம் வேணாம் எண்டு தள்ளுறீங்க. முந்தி நாங்க இந்தக் கோதாரி ஒண்டும் போடுறல்ல. நீங்க போட்ட சத்தத்துக்குத்தான் போடத் தொடங்கினம்."

பக்கத்தில ஒரு சின்னச் சட்டியில தலை கறுத்த இறால் கொஞ்சம் தூளில முக்காமத் தனியாக் கிடந்திச்சு. "அது ஆருக்கு?" எண்டன்.

"அது எங்கட வீட்டுக் கறிக்கு."

கிளினிக்கில கேட்டன். அந்தத் தூள் முட்டுக்காரர் சிலருக்குத் திண்ட கையோட இழுப்பைக் கொண்டுவரும் எண்டாங்க. பெட்டி பெட்டியா நம்பர் வாசிச்ச பெரிய கெட்டிக்காரி நான். இறால் பேசினில நம்பர் எழுதியிருக்கல்லையே! வெள்ளை வெள்ளையாத் தேடிப் பொறுக்கி, என்ட பிள்ளைக்கு நானே தீத்தியிருக்கன். இப்ப அந்த அக்காட வீட்டுச் சட்டியில இருந்துதான் வாங்கிறன். முட்டு அடியோட போகல்ல. ஆனா இந்த வருசம் ஆசுபத்திரிக்கு ஓடினது ஒருக்காத்தான்.

அப்பவும் என்ட கள்ள மனசு ஒரு மூலையப் பிடிச்சுக்கொண்டு நிண்டிச்சு. பிள்ளை கேக் திண்டவள்தானே, மச்சாள் சொன்னது பொய்தானே, அவவிலயும் பிழை இருக்கு எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிஞ்சன்.

போன கிழமை நானும் மகளும் குசினியில இறால் உரிச்சுக்கொண்டு இருந்தம். அவளுக்கு இப்ப பதினொரு வயசு. சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டன். "அண்டைக்கு மாமி வீட்டில திண்ட கேக், பெரிய துண்டா, சின்னத் துண்டா?"

"நான் தின்னல்ல" எண்டாள், இறால் தலையக் கிள்ளிக்கொண்டே.

"நீதானே திண்டன் எண்டு சொன்ன?"

"எனக்கு மூச்சு வரல்லம்மா. அப்பிடிச் சொல்லாட்டி நீங்க இன்னும் அடிச்சிருப்பீங்க."

சத்தியத்தைக் காப்பாத்தின பிள்ளைக்கு அடிச்சுப் பொய் சொல்லப் பழக்கினவள் நான். அந்தப் பொய்யப் பிடிச்சுக்கொண்டுதான் மூணு வருசம் ஒருத்திய ஒதுக்கி வெச்சன்.

மகள் கைய அலம்பிப்போட்டு, "மாமிக்குத் தெரியும், அவ பக்கத்திலதானே நிண்டா" எண்டுட்டுப் படிக்கப் போயிட்டாள்.

மச்சாள் வீடு ரெண்டு வளவு தூரம்தான். இன்னும் நான் போகல்ல.