மருந்து கேன் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்கு புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று கண்டுபிடித்த மதுரை டாக்டர், சின்ன வயதில் எதில் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார். இவர் பெருமையாகச் சொன்னார்: "மிளகாய்க்கு அடிக்கிற பூச்சி மருந்து வருமே, அந்தக் கேன்லதான் சார். புளி, சாம்பல் போட்டுக் கழுவிட்டா ஆயுசுக்கும் உடையாது."

"அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த மருந்துகள்ல சிலது உடம்புல ஹார்மோனையே குழப்பிவிடும். வயித்துல இருக்குற பிள்ளைக்குத்தான் ரொம்ப ஆபத்து" என்றார் டாக்டர்.

எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் ஆயிரம் சொல்வார், எங்கள் சாயல்குடிப் பக்கம் லாரித் தண்ணீரை வேறு எதில் பிடிப்பதாம்? ஊர் திரும்பிய மறுநாள் காலையிலேயே வீட்டில் இன்னும் புழங்கிக்கொண்டிருந்த அந்த மருந்து கேன்கள் இரண்டையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். லாரியடியில் ஒருத்தி என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையைக் கடித்துவிட்டுத்தான் தண்ணீர் பிடித்து வந்தேன்.

புராஸ்டேட்டுக்கு நல்லது என்று போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, அவருக்கு சோயாவும் தக்காளியும் வேகவைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேன் தண்ணீரில்தான். பின்னால் டமாரென்று சத்தம். மூத்திரப் பை இடுப்பில் தொங்க, அவர் அரிவாளால் ஒரு கேனைப் பிளந்துகொண்டிருந்தார். தண்ணீர் அடுப்படி முழுக்க ஓடியது.

"தண்ணிய வெட்டுறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று கத்திக்கொண்டே அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். விழுந்தார். டியூப் இழுபட்டு, பையில் ரத்தம் இறங்கியது. பாவம் என்றே தோன்றவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

தரையில் கிடந்தபடியே கேட்டார். "நான் குடிச்சது போதாதா? வாரப்போற பிள்ளைக்கும் இதைத்தான் குடுக்கப்போறியா?"

சத்தம் கேட்டு ஓடிவந்த மகளுக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்று அழுதபடி மற்ற கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் பிடித்துத் தன் வாயருகே கொண்டுபோனாள்.

என் கை அதுவாகப் போனது. ஓங்கி ஒரு அறை. டம்ளர் சுவரில் மோதி நசுங்கியது. பிள்ளைத்தாச்சியின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் அரிவாளை என் பக்கம் நகர்த்தினார். மற்ற கேனை நான்தான் வெட்டினேன். தண்ணீர் வாசலைத் தாண்டி மண்ணில் இறங்கியபோதுதான் அழுதேன்.