திங்கட்கிழமை வள்ளத்தில் ஓர் இடம்

வயிறு பிரட்டி வாந்தி எடுத்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டிருக்கும் ஒருத்தியிடம் வந்து, அடுத்த பயணம் எப்போது என்று கேட்கிற மனிதரை என்ன செய்யலாம்? நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஓடிய மோட்டர் வள்ளத்தில் வெள்ளிக்கிழமை தோறும் அதைத்தான் கேட்டார்கள். துறையை விட்டு வெளிக்கிட்டு, கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போடத் தொடங்கும் இடம் வந்ததும், ஓட்டியின் மைத்துனர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களைத் தாண்டித் தாண்டி வருவார்.

“ரீச்சர், திங்கக்கிழமை வாறியளோ? இடம் வைக்கட்டோ?”

திங்கள் காலை வள்ளத்துக்கு அடிபிடி அதிகம். தீவில் வேலை பார்க்கிற ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள், அரசாங்கக் கந்தோர் ஆட்கள் எல்லோரும் அந்த ஒரு வள்ளத்தில்தான் திரும்ப வேண்டும். முன்கூட்டிச் சொன்னவர்களுக்குக் கூரைக்குக் கீழே இடம். சொல்லாதவர்கள் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் குந்தியிருந்து, உப்புத் தண்ணீரில் குளித்து, சேலை உடம்போடு ஒட்டிப் பிடிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டும். சில நாள் துறையிலேயே நிற்க வேண்டியும் வரும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “ஏன் அண்ணை, கரைக்குப் போன பிறகு கேட்டால் என்ன? சத்தி எடுக்கேக்கை தான் கேக்க வேணுமோ?”

“கரையிலை கேட்டால் எல்லாரும் ஓமெண்டுதான் சொல்லுவினம். திங்கக்கிழமை பாத்தால் பாதிப் பேர் இல்லை. இந்த அடியிலையும் ஓமெண்டு சொல்லுற ஆள் கட்டாயம் வரும், ரீச்சர்” என்றார்.  அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

இது எண்பத்து நாலாம் ஆண்டுக் கதை. அந்தக் கடலைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு இப்போது வேறொன்று, வள்ளத்துக்குள் ஆட்களை வெட்டிக் கொன்றது, நினைவுக்கு வரும். அது அடுத்த வருடம். அதை இதற்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்தவள் கணக்கு ரீச்சர், புங்குடுதீவுக்காரி. என்னிலும் கொஞ்சம் மூத்தவள். கடல் எவ்வளவு ஆடினாலும் அவளுக்கு ஒன்றும் செய்யாது. ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பகோடா சாப்பிடுவாள். அந்த மணத்துக்கே எனக்கு இன்னொரு முறை வரும். “பகோடாவை எறியும்” என்று கத்துவேன். “நீர் சத்தி எடுக்கிறதுக்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேணும்?” என்பாள்.

அவளை நம்பித்தான் என் வேலை இருந்தது. அப்பா தெற்கில் கடை வைத்திருந்தவர். கடையில் இருந்த காலத்தில் நான் எந்தத் தீவில் படிப்பிக்கிறேன் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த உடுப்போடு எங்கள் ஊரான புளியங்கூடலுக்கு வந்து சேர்ந்த பிறகு, அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஆறு மணிக்கே படலையைப் பூட்டினார். நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்தார். என் வேலையை நிற்பாட்டத்தான் முதலில் பார்த்தார். அம்மா இடையில் விழுந்து, புங்குடுதீவுப் பிள்ளையும் கூட இருக்கிறதுதானே என்று சொல்லி ஒரு சமாதானம் செய்து வைத்தார். அப்பாவின் முடிவு இதுதான்: “அந்தப் பிள்ளை இருக்குமட்டும் நீ இரு. அது வெளிக்கிட்டால் நீயும் வெளிக்கிட வேணும். தனிய ஒரு குமரை கடலுக்கு அங்காலை விட்டுட்டு என்னாலை நித்திரை கொள்ள ஏலாது.”

தீவு எனக்கு அப்படி என்ன கொட்டிக் கொடுத்தது என்று கேட்டால், சொல்லத் தெரியாது. செவ்வாய்க்கிழமையே வீட்டு நினைப்பு வந்துவிடும். வீட்டுக்கு வந்தால் சனி பின்னேரமே கால் தரிக்காது. குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருப்பேன். “அக்கரைக்கு இக்கரை பச்சை எண்டு சும்மாவே சொன்னவை” என்று அம்மா பகிடி பண்ணுவார். ஆனால் அந்த அறையின் பூட்டும் திறப்பும் என் கையில் இருந்தன. மத்தியானம் என்ன சமைப்பது, எப்போது விளக்கை அணைப்பது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேலையை விட்டால் வீட்டில் இருத்தி, வருகிற முதல் சம்பந்தத்துக்குத் தலையாட்ட வைப்பார்கள் என்று தெரியும். கலியாணம் எனக்கு வேண்டாம் என்றில்லை. இருத்தி வைக்கப்படுவதுதான் பயம்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூட அதிபர் என்னைக் கண்டு, “கணக்குக்கு இனி ஆள் தேட வேணும். நீரும் மாற்றம் கேக்கிற எண்ணமோ?” என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டார். நான் தெரிந்தவள் போலவே, “இன்னும் யோசிக்கேல்லை, சேர்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று என்ன படிப்பித்தேன் என்று கேட்காதீர்கள்.

கணக்கு ரீச்சருக்குச் சொந்த ஊருக்கே இடமாற்றம் வந்திருந்தது. இரவு சாப்பிடும்போது சொல்லுவாள் என்று பார்த்தேன். புட்டைப் பற்றிச் சொன்னாள், தேங்காயைப் பற்றிச் சொன்னாள், அதைச் சொல்லவில்லை. வெள்ளி காலையில் மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்து வீட்டுக்கார அக்காவிடம் கொடுத்தாள். “பாவியாமல் கிடந்தால் கறள் கட்டிப்போடும்” என்றாள். இரண்டு நாளில் எந்த அடுப்பு துருப்பிடித்துக் கறள் கட்டும்? வாய்வரை வந்ததை விழுங்கினேன். கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு மடைத்தனம்.

பின்னேரம் வள்ளத்தில் ஏறினோம். அவளுடைய பை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. துறையிலிருந்து வெளிக்கிட்ட நேரம் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடுக்கடலில் அந்த மனிதர் வந்து கேட்பார். அப்போது இவள் பதில் சொல்லியே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் அந்தச் சொல்லோடு என் வேலையும் போகும்.  சத்திக்கு என்று கொண்டுவந்த தேசிக்காயின் புளிப்பை மணந்து பார்த்தேன். எழும்பி நின்றேன். இருந்தேன். திரும்ப எழும்பினேன். “என்னப்பா, இருந்து இருந்து இடுப்பு நாரி பிடிச்சிட்டுதோ?” என்று பக்கத்திலிருந்த நர்ஸ் அம்மா கேட்டார்.

அவர் வந்தார். வழமைபோல எங்கள் இரண்டு பேரையும் ஒரே பார்வையாகப் பார்த்து, “ரெண்டு இடம்தானே?” என்றார்.

கணக்கு ரீச்சர் என் நெற்றியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். “எனக்கு வேண்டாம், அண்ணை. எனக்கு ஊரோடை மாற்றம் கிடைச்சிட்டுது.”

“அப்ப உங்களுக்கு?”

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தேன். அப்பாவின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. யோசித்துச் சொன்னேன் என்று சொன்னால் பொய். “ஒரு இடம் வையுங்கோ” என்றேன்.

அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். “உமக்கென்ன விசரோ? உம்மடை அப்பா விடமாட்டார் எண்டு தெரியும்தானே?”

“நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் உம்மடை முகத்தைப் பாக்க வேணுமெல்லோ.” பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “நீரும் வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு கிழமையும் குடல் வெளியிலை வருகுது. நான் வெளிக்கிட்டால் அந்தச் சாட்டோடை நீரும் தப்பிவிடுவீர் எண்டுதான் நினைச்சனான்” என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. என்னைத் தப்ப வைக்கச் சொல்லி யார் கேட்டது? கரையில் பஸ் பிடித்து வந்து, புங்குடுதீவில் இறங்கும்போது “வாறன்” என்றாள். நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய மாற்றத்தை வீட்டில் சொல்வதை ஞாயிறுவரை தள்ளிப் போட நினைத்தேன். வாசலில் காலை வைத்ததும் சொல்லிவிட்டேன். அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. “அப்ப சரி. போய் உன்ரை சாமான்களை எடுத்துக்கொண்டு வருவம்” என்றார்.

“நான் திங்கக்கிழமைக்கு இடம் சொல்லிப்போட்டன், அப்பா.”

“ஆரைக் கேட்டுச் சொன்னனி?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை.”

வீடு இரண்டு நாள் செத்த வீடு போலக் கிடந்தது. ஞாயிறு இரவு அவர் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு, “நானும் வாறன். இடத்தைப் பாப்பன். பிடிக்கேல்லை எண்டால் பின்னேர வள்ளத்திலை என்னோடை நீ திரும்ப வேணும். கதைக்கு இடமில்லை” என்றார். அவர் என்ன பார்த்தாலும் அவருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். பையில் உடுப்புகளை அடுக்குவதா விடுவதா என்று தெரியாமல் அடுக்கினேன், எடுத்தேன், திரும்ப அடுக்கினேன்.

அப்பா தீவான்தான், ஆனால் எங்கள் தீவுக்குப் பாலத்தால் பஸ் வரும்; நயினாதீவுக் கோயிலுக்குப் போய்வந்த கடலைத் தவிர வேறு கடல் காணாதவர். அது முகம் கழுவுவதற்குள் முடிந்துவிடும். குறிகட்டுவானில் ஏறும்போது கம்பீரமாகத்தான் ஏறினார். ஒரு கிழவிக்குக் கைகூடக் கொடுத்தார். நயினாதீவு பக்கவாட்டில் விலகிப் போய், வெளிக்கடல் பிடிபட்டதும் அவர் பேச்சு நின்றது. பிறகு முகம் வெளிறியது. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தின் விளிம்புக்குப் போனார்.

நான் அவருடைய நெற்றியைப் பிடித்தேன். எனக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் தலையைப் போட்டுக்கொண்டு கிடந்தோம். என் நெற்றியைப் பிடிக்க ஆளில்லை.

இடையில் ஓய்ந்தபோது அவர் கேட்டார்: “ஒவ்வொரு கிழமையும் இப்பிடியே?”

“ஓம்.”

“போகவும் வரவுமோ?”

“ஓம், அப்பா.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

அந்த நேரம் பார்த்து ஓட்டியின் மைத்துனர் வந்து நின்றார். “ஐயா, பின்னேரம் திரும்பேக்கை எத்தினை இடம்?” அந்த மனிதரைக் கடலில் தள்ளிவிடலாம் போலிருந்தது. அப்பா இன்னும் தீவைக்கூடக் காணவில்லை. வாயைத் திறக்கப் பயந்து, என்னை ஒருமுறை பார்த்து, ஒரு விரலைக் காட்டினார்.

பின்னேரம் துறையில் நின்று அவரை ஏற்றிவிட்டேன். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. வள்ளம் வெளிக்கிட்டபோது, அப்பா, என்னையும் கொண்டுபோங்கோ என்று கத்த வேண்டும் போலிருந்தது. அப்படி ஒரு தனிமை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பிறகு ஒழுங்கையால் அறைக்கு நடந்து போய், கதவைத் திறந்து விளக்கை ஏற்றினேன்.

அந்த வெள்ளிக்கிழமை முதல் தடவையாகத் தனியாக வள்ளத்தில் இருந்தேன். நடுக்கடல் வந்தது. அவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் கேட்காமல் தாண்டிப் போனார்.

“அண்ணை, என்னைக் கேக்கேல்லையே?”

“உங்களைக் கேக்கத் தேவையில்லை, ரீச்சர். ஐயா அண்டைக்குத் திரும்பேக்கை சொல்லிப்போட்டுத்தான் போனவர். ஒவ்வொரு திங்களும் மகளுக்கு உள்ளுக்கை ஒரு இடம் இருக்க வேணும், பிள்ளை சத்தி எடுக்கேக்கை போய்க் கேட்டுக் கரைச்சல் குடுக்க வேண்டாம் எண்டு. பாவம், அதைச் சொல்லுறதுக்குள்ளை மூண்டு தரம் எடுத்திட்டார்.”

எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குள்ளேயே கோபமும் வந்தது. அப்பாவுடைய அன்பு எப்போதும் இப்படித்தான், ஒரு பூட்டும் சேர்ந்துதான் வரும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தேன்.

“அப்பா சொன்னதை விடுங்கோ. ஒவ்வொரு கிழமையும் என்னைக் கேளுங்கோ.”

அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். படித்த ஆட்களுக்குச் சில நேரம் கழண்டுபோகும் என்று நினைத்திருப்பார்.

“சரி. திங்கக்கிழமை வாறியளோ, ரீச்சர்?”

விளிம்பில் குனிந்து ஒருமுறை எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “ஓம், ஒரு இடம் வையுங்கோ” என்றேன்.