முனியாண்டி அண்ணனின் பூட்ஸ் போட்ட எழுத்து

முனியாண்டி அண்ணன் இன்று காலை போய்விட்டார். எங்கள் பாடாங் செராய் ஊரில் சைன்போர்டு கடை வைத்திருந்தாரே, அவர்தான்.

அந்தக் கடையில், அவர் பக்கத்து மேசையில், ஆறு வருஷம் டிசைனராக இருந்தேன். ஆறு வருஷமும் எங்களுக்குள் ஒரே சண்டைதான்... ஓர் எழுத்துருவுக்காக!

போல்டு இட்டாலிக் ஸ்லாப் செரிஃப். நன்றாகத் தடித்து, வலது பக்கம் சாய்ந்து, ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் கட்டையாக ஒரு பாதம். பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும்.

லாரிக் கதவு, டயர் கடை, எஸ்டேட் ஃபுட்பால் டீம் ஜெர்சி... ஆங்கிலமோ மலாயோ, எல்லாவற்றுக்கும் அதேதான். நான் மெல்லிய எழுத்து எதையாவது காட்டினால், "என்னம்மா இது, சாப்பிடாத எழுத்தா இருக்கு? மோட்டர்ல போறவன் எப்படிப் படிப்பான்?" என்பார்.

ஒருமுறை கல்யாணக் கார்டுக்கும் அதையே போட்டுவிட்டார். மணப்பெண் பார்த்துவிட்டு, "அண்ணே, கல்யாணத்துக்குக் கூப்பிடுறோமா, லாரி வாடகைக்கு விடுறோமா?" என்று கேட்டாள்.

அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்றே வேறு எழுத்தில் மாற்றி அடித்துக் கொடுத்தார்.

நான் தனியாகத் தொழில் ஆரம்பித்த பிறகும் பார்க்கும்போதெல்லாம் விடமாட்டார்.

"இப்பவாச்சும் ஒத்துக்கிறியா, என் எழுத்துதான் பெஸ்ட்டுன்னு?"

"மாட்டேன்லா, அண்ணே!"

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கூலிம் ரோட்டில் என் தங்கை, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிற பீசாங் கோரெங் கடை போட்டபோது போர்டு நான்தான் செய்தேன். மெல்லிய, வளைந்த, ரொம்ப அழகான எழுத்து. ஒரு மாதமாக ஒரு காரும் நிற்கவில்லை.

ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்தவள்... "அக்கா, திரும்ப ஃபேக்டரிக்கே போயிடட்டுமா?" என்று கேட்டாள்.

பழைய போர்டைக் கழற்றிப் போட்டேன். அண்ணனுடைய எழுத்தில், சிவப்பில், பெரிதாக அடித்து மாட்டினேன். அந்த வாரமே கார்கள் நிற்க ஆரம்பித்தன.

இதை அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. ரோஷம்! அவர் அந்த ரோட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு.

இன்று வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி தேவி அக்கா அழுதுகொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார்.

"உன் தங்கச்சி கடைக்கு வாரா வாரம் போவாரும்மா. அந்தப் புள்ளைக்கு இவரு யாருன்னே தெரியாது. போர்டுக்கு எதிர்ல மோட்டர நிறுத்திட்டு, அதையே பாத்துக்கிட்டு சாப்பிடுவாரு. 'நான் பாத்தேன்னு அவகிட்ட சொல்லிடாத, பாவம், வெக்கப்படுவா'ன்னு என் வாயக் கட்டிட்டாரு."

அப்படியென்றால் தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார்... திருட்டு மனுஷன்!

அங்கேயே, துக்க வீட்டில், அக்காவும் நானும் சிரித்துவிட்டோம். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

ஒத்துக்கிறேன், அண்ணே. போய் வாங்க.