ஸ்டெல்லா மேடத்தின் ஃபிரேம்

ஸ்டெல்லா மேடம் போய்விட்டார்.

மந்தைவெளியில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையின் பார்மசிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்தில், வீட்டிலேயே... மாரடைப்பு. நேற்று கடைக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யோசித்து, எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள். பதிவை எடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் போட்டிருக்கிறார்: "பாவம். ஆனா கஸ்டமர் சர்வீஸ்னா என்னன்னே தெரியாத லேடி." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அங்கே பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலை மூடச் சொல்லக்கூடத் தயங்குகிறவன் நான். அதனால் இங்கே சொல்கிறேன்.

முதல் தடவை அவரிடம் போனது ஆன்டிபயாடிக் வாங்க. எனக்குக் காய்ச்சல். பழைய மாத்திரை அட்டையை நீட்டினேன்.

"சீட்டு எங்க சார்?"

"போன தடவையும் இதேதான் சாப்பிட்டேன் மேடம்..."

"போன தடவை வந்த ஜுரம் போயிடுச்சு சார். இது வேற ஜுரம். டாக்டரைப் பார்த்துட்டு வாங்க."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். "ஒரு மாத்திரை வாங்கிண்டு வரத் துப்பில்லையா?" என்றாள் என் மனைவி பத்மா. இல்லைதான். அந்த அம்மாளிடம் யாருக்கும் துப்பு இருந்ததில்லை.

ஆட்டோ ஸ்டாண்டு செல்வம் ஒருநாள் கவுண்டரில் கத்தினார். "இன்னா மேடம், ஒரு தூக்க மாத்திரைக்கு இம்மாம் பிகு பண்ற?"

மேடம் அவர் பாஷையிலேயே ஆரம்பித்தார். "பிகு இல்ல நைனா. நீ வண்டி ஓட்டிக்கினு தூங்கினா, பின்னாடி குந்திக்கினு கீறவன் கதி இன்னா?"

"அப்போ நான் தூங்கவே கூடாதா?"

"தூங்கு. கவர்மென்ட் ஆஸ்பத்திரில காட்டி சீட்டு வாங்கிக்கினு வா. நானே தாலாட்டு பாடுறேன்."

செல்வம் திட்டிக்கொண்டே போனார். சீட்டோடு வந்தார். அதற்குப் பிறகு மேடத்தைப் பார்த்தால் "தாலாட்டு இன்னா ஆச்சு?" என்று கேட்காமல் கடையைத் தாண்ட மாட்டார்.

அப்புறம் அந்த மழை. தெருவெல்லாம் தண்ணீர், பகல் முழுக்க கரண்ட் இல்லை. கரண்ட் வந்த பிறகு பத்மாவுக்கு இன்சுலின் வாங்கப் போனேன். ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் மொத்தத்தையும் எடுத்து, விற்கக் கூடாது என்று பெட்டியில் போட்டு, டேப் ஒட்டிக்கொண்டிருந்தார் மேடம். பக்கத்தில் முதலாளி நின்று குதிக்கிறார்.

"அதான் ஃபிரிட்ஜ் மறுபடி ஜில்லுனு ஆயிடுச்சே மேடம்!"

"ஃபிரிட்ஜ் ஆயிடுச்சு சார். மருந்து ஆகாது."

அதோடு என்னை அனுப்பிவிடவில்லை. எந்தக் கடையில் ஜெனரேட்டர் ஓடியது என்று அடையாறு வரைக்கும் ஃபோன் போட்டு விசாரித்தார். ஒரு தெர்மோகோல் டப்பாவையும் கையில் கொடுத்தார். "ஐஸ் பேக் அங்கே தருவாங்க. ஐஸும் மருந்தும் ஒட்டக் கூடாது சார், நடுவுல துணி வைங்க."

சர்வீஸ் தெரியாத லேடி!

கவுண்டருக்குப் பின்னால், கண்ணாடி ஃபிரேமில், அவருடைய பார்மசிஸ்ட் சான்றிதழ் தொங்கும். பல கடைகளில் சான்றிதழ் மட்டும்தான் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். இவர் சாப்பிடப் போனாலும், லீவு என்றாலும், ஃபிரேமைத் திருப்பி மாட்டிவிட்டுத்தான் போவார். பின்பக்க அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருப்பார்: "மேடம் வந்த பிறகுதான் சீட்டு மருந்து."

பேண்டேஜ் கிடைக்கும். இருமல் மிட்டாய் கிடைக்கும். மற்றதற்குக் காத்திருக்க வேண்டும். முதலாளி முறைத்தால், "நான் இல்லாதப்போ என் பேர் மட்டும் இங்க வேலை பார்க்காது சார்" என்பார்.

நேற்று நான் போனபோது கவுண்டரில் இருந்த குமார் யாருக்கோ ஏதோ மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சேதியைச் சொன்னார். அவர் பார்மசிஸ்ட் இல்லை, பில் போடுகிறவர்.

ஃபிரேம் முன்பக்கம் காட்டிக்கொண்டு தொங்கியது.

"புது பார்மசிஸ்ட் யாருப்பா?"

"தேடிக்கினு கீறாங்க சார். அதுவரிக்கும் மேடம் பேர்லயே ஓடுது."

மேடம் பேரில்... செத்துப்போனவர் பேரில்.

வீட்டுக்குக் கிளம்பினேன். இன்சுலினை வேறு கடையில் வாங்கினேன். நமக்கு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

இன்று காலை போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன், வாசலில் மறந்துவிட்டது. கவுண்டர் பலகையைத் தூக்கி உள்ளே போய், ஃபிரேமைத் திருப்பி மாட்டினேன். ஆணியில் உடனே மாட்டவில்லை.

"சார், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" அவர் எழுந்து வந்து மறுபடி நேராக மாட்டினார்.

நான் மறுபடி திருப்பினேன்.

"வயசானவர்னு பார்க்கிறேன்..."

"பாருங்க" என்றேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. "மேடம் இல்லாதப்போ இது இப்படித்தான் தொங்கணும்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். செல்வம். "வுடு மொதலாளி. பெர்சு கரீட்டாத்தான் சொல்லுது." கூட நின்றவர்கள் அட்டையில் இருந்ததைப் படித்தார்கள். ஒரு பெண், நீட்டியிருந்த தன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதலாளி ஃபிரேமைத் தொடவில்லை.

நான் வந்த பிறகு தொட்டிருக்கலாம். சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். நாளைக்கும் போவேன். புது பார்மசிஸ்ட் வந்து தன் பேரை மாட்டும்வரை போவேன். கடைக்காரர் நண்பர் என்று சொல்லி யாரும் எனக்கு ஃபோன் செய்ய வேண்டாம்.

போய் வாருங்கள் மேடம். ஃபிரேமை நான் பார்த்துக்கொள்கிறேன்.