போனில் கேட்ட வண்டி

ஷார்ஜா தொழில்பேட்டையில் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஜாவா பைக் அது. ரூமுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பிரித்து மாட்டினேன். இன்று உதைத்ததும் உயிர் வந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். ஊரில் ஒரு ஜாவாவை எங்களிடம் விட்டுப்போயிருந்தார். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, கேக்கணும்" என்பார். நான் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே வண்டியை உதைப்பேன். அம்மா ரிசீவரை நீட்டிப் பிடிப்பாள். "இன்னும் முறுக்கச் சொல்லு!" என்று அவர் கத்துவது எனக்கே கேட்கும்.

தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா வண்டியை விற்றாள். "தெரிஞ்சா அவருக்குச் சோறு எறங்காதுடா" என்றாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மாமாவின் ராஜ்தூத் பைக்கை உதைத்தேன்.

"போதும், பெட்ரோல் வீணாப்போகுது" என்றார் அப்பா. நம்பிவிட்டார் என்று நானும் அம்மாவும் சிரித்துக்கொண்டோம். அதற்கப்புறம் அவர் ஒரு வாரம்கூட முறுக்கச் சொல்லவில்லை. லீவுக்கு வர இருந்தவர் சவப்பெட்டியில்தான் வந்தார்.

ராஜ்தூத் சத்தம் இந்த ஜாவா சத்தத்துக்குக் கிட்டக்கூட வராது. இது புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அப்பாவுக்கு முதல் உதையிலேயே தெரிந்திருக்கும்.