நாலு காலுக்கு நாலு தேசிக்காய்

இன்று ரூ லூயி-பிளாங் தெருத் தேநீர்க்கடையில், முன்பு என்னோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவிய ரூபன் அண்ணை கைபேசியில் ஒரு படத்தை நீட்டினார்.

பிக்கப் வண்டியின் பின்பெட்டியில் ஏற்றி வைக்கிற குட்டி வீடு. வாங்கிவிட்டாராம். கட்டில், அடுப்பு, ஹீட்டர், இரண்டு ஜன்னல்.

என் ஒற்றையறை ஸ்டூடியோ வீட்டில் ஜன்னல் ஒன்றுதான். அதுவும் சுவரைப் பார்த்தபடி.

"ஏன் அண்ணை, வீடும் வண்டியும் ஒண்டாயிருக்கிற கேம்பிங்-கார் வாங்கியிருக்கலாமே?"

"இதெண்டால் கழட்டலாமடா. வளவுக்கை அதின்ரை நாலு இரும்புக் காலிலை நிப்பாட்டிப்போட்டு, பிக்கப்பிலை வேலைக்குப் போவன்."

புறநகர் ஆர்ஜொந்தெயில் வீடும் வளவும் இருக்கிறவரின் பேச்சு.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு உருளச் சில்லே இல்லை. வாகனப் பூசைக்குத் தேசிக்காயை எங்கை வைச்சனீங்கள்?"

"ஐயரும் கொஞ்சநேரம் யோசிச்சவர். பிறகு நாலு காலுக்குக் கீழையும் வைச்சு, காலை இறக்கி நசிச்சனாங்கள்."

அதற்கும் பதில் இருக்கிறது.

"மாரிக் குளிருக்கு என்ன செய்வியள்?"

"தண்ணித் தாங்கியை வெறுமையாக்கி, படங்கு போட்டு மூடி, பங்குனி வரும்மட்டும் பூட்டி வைப்பன்."

ஹீட்டரோடு ஒரு வீடு, மாரி முழுக்க ஆளில்லாமல். என் ஹீட்டர் போன கிழமை செத்துவிட்டது.

எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. அண்ணை அந்தக் குட்டி வீட்டுப் பூட்டின் திறப்பை எங்கே வைக்கிறார் என்று தெரிந்தவர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வரவும்.